ஆடி மாசம் எங்களுக்குப் பள்ளிக்கூடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பில் கல்யாணப் போட்டோகிராபி பற்றி வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். பெரிய ஊர்களில் நடக்கிற பயிற்சி வகுப்புகள், அதற்கான கட்டணம், அங்கே படித்துவிட்டு வந்தவர்கள் வைத்திருக்கிற கேமரா எல்லாம் விவரமாக இருந்தது. சரி, நல்ல விஷயம்தான். ஆனால் நடுவில் ஒரு வரி. சின்ன ஊர்களில் இந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது, ஒருத்தருக்கொருத்தர் போட்டி, அதனால் செல்போனைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் அம்பாசமுத்திரத்தில் 26 வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவள். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களை எண்ண இரண்டு கை விரலும் போதாது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் எனக்குப் போட்டிக்காரர்கள்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஸ்டூடியோ வைத்தவர் என் வீட்டுக்காரர். நான் உள்ளே உட்கார்ந்து ஆல்பம் ஒட்டுவேன், பாஸ்போர்ட் படத்தை அளவு பார்த்து வெட்டுவேன், பிரிண்டில் விழுந்த வெள்ளைப் புள்ளிக்குப் பொடிப் பிரஷ்ஷால் கலர் வைப்பேன். கேமராவைத் துடைத்து வைத்திருக்கிறேனே தவிர, அதற்குள் கண்ணை வைத்துப் பார்த்தது கிடையாது. 1998 கார்த்திகையில் அவருக்கு முதுகில் ஆபரேஷன். ஆறு மாசம் எழுந்து நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தை மாசத்துக்கு நாலு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கி, அதையும் ஆஸ்பத்திரிக்குக் கட்டியாகிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் பணம் இல்லை. அப்புறம் என்ன, நானே போனேன். அவர் படுத்த படுக்கையாகச் சொல்லச் சொல்ல, ரோல் போடாத கேமராவை வைத்துக்கொண்டு ஒரு மாசம் வீட்டுச் சுவரையும் கொல்லைப் பசுவையும் எடுத்துப் பழகினேன்.

முதல் கல்யாணம் வீரவநல்லூரில். கையில் பென்டாக்ஸ் கே1000, ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஒரு ஃபிளாஷ். அந்தக் கேமராவில் ஃபிளாஷ் போட்டால் ஷட்டர் வேகம் 60-க்கு, அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்குக்கு, மேல் போகக் கூடாது. 125-க்குப் போனால் ஷட்டருக்குள் ஓடுகிற இரண்டு திரையில் முதல் திரை ஓடி முடிவதற்குள் அடுத்த திரை மூட ஆரம்பித்துவிடும். ஃபிளாஷ் மின்னுகிற நேரத்தில் ஃபிலிமில் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு இரண்டாவது ரோல் மாற்றின அவசரத்தில் டயல் ஒரு கட்டம் நகர்ந்துவிட்டது, நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் லேப்காரர் போன் பண்ணினார். "மதினி, மாப்பிள்ளையக் காணலியே" என்றார். 36 படத்திலும் மாப்பிள்ளை உட்கார்ந்த பக்கம் கரி பூசின மாதிரி இருட்டு. பொண்ணு தனியாக உட்கார்ந்து கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி இருந்தது. அவருக்குச் சிரிப்பு. எனக்கு வயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் தாலி கட்டினது அந்த ரோலில்தான்.

இங்கே பொண்ணு வீட்டார் ஒரு கேமராக்காரரும், மாப்பிள்ளை வீட்டார் ஒரு கேமராக்காரரும் வைப்பது உண்டு. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தவர் எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்தவர். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். விஷயத்தைக் கேள்விப்பட்டு மறுநாள் காலையில் கடைக்கு வந்தார். பட்டர் பேப்பர் கவரில் நெகட்டிவ் துண்டுகள். மேஜையில் வைத்து, "பிரிண்ட் போட்டுட்டு பத்திரமா திருப்பித் தாங்க மதினி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சவத்த விடுங்க, இதுக்கா அழுதிய? எனக்கும் ஒருக்க இப்படி ஆச்சு. எனக்குப் பொண்ணைக் காணல" என்றார். அப்புறம் எதிர்க் கடையில் மூன்று ரூபாய்க்குச் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி வரச் சொல்லி, டயலில் 60-க்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார். "ஒவ்வொரு ரோல் மாத்தும்போதும் பொட்டு நேரா இருக்கான்னு பாருங்க. நெத்தியப் பாக்குத மாதிரி." பாடம் அவ்வளவுதான்.

அவரிடம்தான் ஃபிளாஷ் கணக்கும் கற்றேன். வெளிச்சம் தூரம் போகப் போக எப்படிக் குறையும் என்று புத்தகத்தில் சூத்திரம் இருக்கிறது. அண்ணாச்சி மூன்று வரியில் முடித்துவிட்டார்: "இந்த ஃபிளாஷுக்கு ரெண்டு எட்டு நின்னா எட்டு. நாலு எட்டு நின்னா நாலு. மத்ததை நடுவுல வச்சுக்கோங்க." காலால் வைக்கிற எட்டு, லென்ஸில் திருப்புகிற எட்டு. தூரம் இரண்டு மடங்கானால் அபர்ச்சர் எண், அதாவது லென்ஸ் வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்று வைக்கிற எண், பாதியாக வேண்டும் என்பதுதான் விஷயம். இன்றைக்கும் மண்டபத்தில் நடக்கும்போது எனக்குக் கால் தானாக எண்ணும்.

தாலி கட்டுகிற நேரம் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது சுலபம். மாப்பிள்ளை கையையே பார்த்துக்கொண்டிருந்து அமுக்கினால் போதும் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மாப்பிள்ளை கை உயரும்போது ஐயர் எழுந்து நிற்பார், நாத்தனார் பின்னால் இருந்து குனிவாள், அட்சதை போட நாற்பது கை நீளும். லென்ஸுக்கு முன்னால் முழங்கையும் அரிசியும்தான் இருக்கும். நான் படம் எடுக்கப் போன இரண்டாவது கல்யாணத்தில் அண்ணாச்சி பின்னால் வந்து தோளைத் தட்டினார். "மதினி, அங்க நிக்காதிய. ஐயர் வலது கை குறுக்க வரும். பொண்ணுக்கு எடது பக்கம் ஒரு அடி தள்ளி, உக்காந்துக்கோங்க. மாப்பிள்ளையப் பாக்காதிய. தவில்காரரப் பாருங்க." தவில்காரருக்கு என்ன வேலை என்று கேட்கக்கூட நேரம் இல்லை. உட்கார்ந்தேன், பார்த்தேன். தவில்காரர் ஐயரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐயர் விரலை அசைத்தால் அவர் கெட்டிமேளத்துக்குக் குச்சியைத் தூக்க வேண்டும். குச்சி தூக்குவதற்கும் முதல் அடி விழுவதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. அந்த மூச்சில்தான் மாப்பிள்ளையின் இரண்டு கையும் பொண்ணின் கழுத்துக்குப் பின்னால் சேரும், அட்சதை இன்னும் கிளம்பியிருக்காது, பொண்ணு கண்ணை மூடியிருப்பாள். அதுதான் படம். அடி விழுந்த பிறகு எடுப்பதெல்லாம் அரிசி.

எந்த வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள்? உங்கள் கட்டுரை எழுதியவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

குறுக்குத்துறையில் நடந்ததையும் எழுதுகிறேன். திருநெல்வேலி பக்கத்தார் எல்லோருக்கும் தெரியும், முருகன் கோயில் தாமிரபரணிக்கு நடுவில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் முழுகும், வடிந்தால் கல்யாணம் நடக்கும். கேமராவுக்கு அதைப் போல் கஷ்டமான இடம் கிடையாது. உள்ளே கருங்கல் மண்டபம், வெளியே ஆற்றுத் தண்ணீரில் வெயில் பட்டுக் கண் கூசும். பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் ஆறு தெரிகிற மாதிரி நிறுத்தினால் முகம் கறுத்துவிடும்; முகத்துக்கு அளவு வைத்தால் ஆறு வெளுத்துப் போகும். ஃபிளாஷைச் சுவரில் மோதவிட்டு எடுக்கலாம் என்றால் சுவர் கறுப்புக் கல், வெளிச்சத்தைக் குடித்துவிடும். ஓர் ஆவணி முகூர்த்தத்தில் நான் திணறிக்கொண்டிருந்தேன். வரிசையில் அடுத்த ஜோடிக்குப் படம் எடுக்க நின்ற ஒருவர், முன்பின் தெரியாதவர், மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கூப்பிட்டு, "மாமா, அந்தத் துண்ட விரிச்சுப் பிடிங்க, இந்தப் பக்கமா, வெயில் படுத மாதிரி" என்றார். வெள்ளைத் துண்டில் பட்ட வெயில் திரும்பி வந்து பொண்ணு முகத்தில் விழுந்தது. விலை கொடுத்து ரிஃப்ளெக்டர் வாங்கி வைத்திருக்கிறேன், ஆனாலும் தாய்மாமன் துண்டு மாதிரி வராது. அவருக்கும் பெருமை, தன்னால்தான் படம் வந்தது என்று பந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருத்தருக்கொருத்தர் போட்டி என்று எழுதினீர்களே, அது பொய் இல்லை. ஆனால் இந்தத் தொழிலின் கணக்கு வேறு மாதிரி. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் கிடையாது, தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் குறைவு. ஆவணி, ஐப்பசி, தையில் ஒரே முகூர்த்தத்தில் ஒரு ஸ்டூடியோவுக்கு மூன்று கல்யாணம் வரும். மூன்றுக்கும் ஒருவர் போக முடியாது. அப்போது பக்கத்து ஊர் ஸ்டூடியோ முதலாளியே கூலிக்குக் கேமரா பிடிக்க வருவார். அடுத்த வாரம் நான் அவருக்குக் கூலிக்குப் போவேன். இப்படி மாறி மாறிப் போகிற இடத்தில்தான் தொழில் கைமாறுகிறது.

கூலிக்குப் போகிற இடத்துக்கு ஒரு சட்டம் உண்டு, அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல்லிடைக்குறிச்சியில் அண்ணாச்சிக்காக ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஊஞ்சல் முடிந்து உட்கார்ந்திருந்தபோது பொண்ணின் சித்தி, தன் மகளுக்குத் தையில் கல்யாணம் என்று சொல்லி நம்பர் கேட்டாள். கொடுத்துவிட்டேன். அந்தக் கல்யாண வேலை எனக்கு வந்துவிட்டது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, மூன்று மாசம் பேசவும் இல்லை. கடைசியில் என் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "அவன் வீட்டுப் பந்தலுல நின்னுக்கிட்டு உன் கடைக்கு ஆள் பிடிச்சிருக்க." நான் அந்த அட்வான்ஸை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்களே எடுங்க. இனிமே யார் கேட்டாலும் என் கார்டைக் குடுங்க" என்றார். இப்போது என்னிடம் கூலிக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கேமரா கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று நாங்கள் சொல்கிற கதீட்ரல், 1826-இல் பிரதிஷ்டை ஆனது. அங்கே ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டபோது எனக்குச் சர்ச்சுப் பழக்கமே கிடையாது. கிறிஸ்தவக் கல்யாணமே அதிகம் எடுக்கிற பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் முந்தின நாள் சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எந்த ஜன்னல் வெளிச்சம் எத்தனை மணிக்கு எங்கே விழும், ஜெபத்தின்போது எங்கே அசையாமல் நிற்க வேண்டும், எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, பாதிரியாரான ஐயரவாள் உடன்படிக்கை சொல்லும்போது ஃபிளாஷ் போடக் கூடாது என்று நடந்து காட்டினார். பழைய ரப்பர் செருப்பு வேண்டாம், சத்தம் போடும் என்றார். மறுநாள் அந்தச் செருப்பு விஷயம்தான் அதிகம் உதவியது.

மேலப்பாளையத்தில் இருந்து ஒரு நிக்காஹுக்கு அழைப்பு வந்ததும் அப்படித்தான். பொண்ணு இருக்கிற பக்கம் ஆண்கள் போக முடியாது. பெண் கேமராக்காரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வேலையை எடுத்திருந்த தம்பி வேறு யாரையாவது வைத்து ஒப்பேற்றாமல் என்னைக் கூப்பிட்டார். அங்கே மருதாணி போடுகிற பொண்ணு ஒருத்தி சொன்னாள்: "கேமராவை முதல்ல கீழ வச்சுட்டு எல்லார்கிட்டயும் பேசுங்கக்கா. யாரு வேண்டாங்கிறாங்களோ அவங்க மொகத்த ஞாபகம் வச்சுக்கோங்க." வேலை முடிந்ததும் மெமரி கார்டைப் பொண்ணு கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வீட்டுக்கு அடுத்த மூன்று கல்யாணத்துக்கும் நான்தான்.

சொல்லிக் கொடுக்கிறவர் கேமராக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றும் கிடையாது. ஒரு வரவேற்பில் பொண்ணு முகம் நேரில் அழகாக இருக்கிறது, படத்தில் சாம்பல் பூத்த மாதிரி வருகிறது. என் ஃபிளாஷ்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். பார்லர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அது பவுடர். சில பவுடரும் சன்ஸ்கிரீனும் ஃபிளாஷைத் திருப்பி அடிக்கும், நேரா போடாதிய" என்றாள். அன்றிலிருந்து பொண்ணு அலங்காரம் முடிகிற நேரத்தில் ஒரு படம் எடுத்து பார்லர்காரியிடம் காட்டிவிடுகிறேன். அவளுக்கும் துடைத்துச் சரிசெய்ய நேரம் இருக்கும்.

நிறம் என்று வந்தபிறகு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் நல்ல கறுப்பு. மாப்பிள்ளை வெள்ளை வேட்டி. கேமரா வேட்டியைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் போய்விடும். பக்கத்துக் கறுப்பு முகத்தைப் பார்த்தால் அளவைக் கூட்டும், வேட்டி வெளுத்து மடிப்பே தெரியாது. கேமரா சொல்கிறதைக் கேட்காமல் முகத்துக்கு அளவு வைக்க ஒரு தம்பி கற்றுக் கொடுத்தார். திரையில் எந்த இடம் வெளுத்துச் சிமிட்டுகிறது என்று பார்க்கவும் அவர்தான் பழக்கினார். அந்தத் தம்பிக்கு என் மகன் வயது. இவ்வளவு பாடுபட்டு அந்தக் கறுப்பை அந்தக் கறுப்பாகவே கொண்டுவந்தால், ஆல்பம் பார்க்க வருகிற தகப்பனார், "கொஞ்சம் கலராக்கிக் குடுங்கம்மா" என்பார். கலராக்கி என்றால் வெளுப்பாக்கி. அதைச் சொல்லிக் கொடுக்க மட்டும் எனக்கு யாரும் கிடைக்கவில்லை, நானும் தேடவில்லை.

அதே தம்பிதான் டிஜிட்டலில் எனக்கு வாத்தியார். 2009-இல் நான் ஃபிலிமை விட்டபோது கணினி முன்னால் உட்காரவே பயம். இரண்டு பேர் இரண்டு கேமராவில் எடுத்தால், காலையில் கிளம்பும்போதே இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக வைக்க வேண்டும் என்றார். அதைச் செய்யாமல் ஒருக்க மாட்டிக்கொண்டேன். படங்களை நேரப்படி அடுக்கினால் தாலி கட்டின பிறகு மாப்பிள்ளை அழைப்பு வருகிறது. 1,400 படத்தையும் கையால் பிரிக்க இரண்டு இரவு ஆனது. மேடையில் இப்போது எல்இடி திரை வைக்கிறார்கள், முகமெல்லாம் நீலமும் ரோஸும். அதற்குத் தம்பியின் வைத்தியம், முகூர்த்தத்துக்கு முன்னால் லைட் போடுகிற பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அந்தப் பத்து நிமிஷம் மட்டும் வெள்ளை வெளிச்சம் போடச் சொல்வது. நம் ஊர்க் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. மட்டமான எல்இடி விளக்கு அதற்கு இரட்டிப்பாக மினுங்கும். ஷட்டரை 50-லோ 100-லோ வைத்தால் அந்த மினுக்கலால் படத்தில் கோடு விழுவது பெரும்பாலும் நின்றுவிடும். இதை அவர் எனக்குச் சொன்னார், நான் பாளையங்கோட்டைக்காரருக்குச் சொன்னேன்.

எல்லாப் படத்தையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வைக்கச் சொன்னதும் தம்பிதான். ஒன்றை என் தங்கை வீட்டு மாடியில் வைத்தேன். வீண் செலவு என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த மழையும் வெள்ளமும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் கடைக்குள் முழங்கால் தண்ணீர். தை பிறந்ததும் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் கட்டிக்கொடுத்த பொண்ணுகள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஆதார் கார்டு, ரேஷன் கார்டு எல்லாம் மனு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், கல்யாண ஆல்பத்துக்கு யாரிடம் மனு கொடுப்பது? ஒன்பது குடும்பத்துக்குத் தங்கை வீட்டு டிஸ்கில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். ஃபிலிம் காலத்து ஆல்பங்கள்தான் கஷ்டம். படம் படத்தோடு ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி ஆகியிருந்தது. பழைய லேப்காரரைக் கேட்டேன். "காஞ்சதைப் பிய்க்காதிய மதினி. நல்ல பச்சைத் தண்ணியில ஊறப்போடுங்க, தானா விடும், மொகம் மேல பாக்க நிழல்ல காயப்போடுங்க" என்றார். லேபில் கழுவிய பிரிண்ட் என்பதால் தண்ணீரைத் தாங்கியது. எங்கள் கூடத்தில் பத்தமடைப் பாய் விரித்து, அதற்கு மேல் துணி போட்டு, ஒரு வாரம் ஊரான் வீட்டுக் கல்யாணங்களைக் காயவைத்தோம். எல்லாம் பிழைக்கவில்லை. ஒரு தாயாருக்கு அவர் அம்மா ஆரத்தி எடுக்கிற படம் பாதி வந்தது. அந்தப் பாதியையே பிரேம் போட்டு வாங்கிக்கொண்டார்.

பயிற்சி வகுப்புக்கு நான் எதிரி இல்லை. நானும் ஒன்றுக்குப் போனேன். 6,000 ரூபாய் கட்டி, ஒரு ஹோட்டல் மாடியில், இரண்டு நாள். வாடகைக்கு வந்த பொண்ணும் மாப்பிள்ளையும் நின்றார்கள். நாற்பது பேர் ஒரே இடத்தில் இருந்து ஒரே வெளிச்சத்தில் ஒரே படத்தை எடுத்தோம். எல்லோருடைய படமும் அழகாக இருந்தது, ஒன்றுகூட யாருடையதும் இல்லை. அங்கே ஓமப்புகை இல்லை, முழங்கை இல்லை, "எத்தனை படம்தான் எடுப்பிய, பசிக்குது" என்கிற தாத்தா இல்லை. ஒரு சந்தேகம் கேட்டதற்கு, அது அடுத்த கட்டப் பயிற்சியில் வரும் என்றார்கள். அதற்கு 12,000.

எங்கள் பக்கமும் குறை உண்டு, அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதம் பொய். வேலை பழக வந்த ஒரு பொண்ணை இரண்டு வருஷம் லைட் பிடிக்கவும் பை தூக்கவும் மட்டும் வைத்திருந்த ஸ்டூடியோ எனக்குத் தெரியும். பஸ் காசுக்கு மேல் ஒன்றும் கொடுக்கவில்லை, கேமராவைத் தொட விடவில்லை. அவள் இப்போது ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அந்தப் பொண்ணு முதலில் என்னிடம்தான் வந்தாள் என்பதையும் எழுதிவிடுகிறேன். மடியில் ஒரு செகண்ட் ஹேண்ட் கேமராவை வைத்துக்கொண்டு, தாலி கட்டும்போது எங்கே நிற்பீர்கள் என்று கேட்டாள். அந்த வருஷம் எனக்கு வேலை குறைவு. "அதெல்லாம் அனுபவத்துல வரும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தவில்காரரைப் பார் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

அதனால் மற்ற ஸ்டூடியோக்காரர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். உதவிக்கு வருகிற பிள்ளைக்கு அன்றன்றைக்குச் சம்பளம் கொடுங்கள். முகூர்த்தத்தில் வேண்டாம், நலங்கிலாவது, மறுநாள் மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டிலாவது கையில் கேமராவைக் கொடுங்கள். அங்கே பிழை விட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இலையில் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் எடுத்துப் பழகினால் வெள்ளைக்கு அளவு வைக்கத் தானாக வந்துவிடும். சாயங்காலம் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படங்களைப் பாருங்கள். கல்யாண வீட்டாருக்கும் ஒன்று: மேடை ஓரத்தில் கூடுதலாக ஒரு பொடியன் நின்றால் "இவன் யாரு" என்று விரட்டாதீர்கள், அவனுக்கும் ஒரு இலை போடுங்கள்.

ஆடி பிறக்கப் போகிறது. எங்களுக்கு வேலை இல்லாத மாசம், அதனால் அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். முன்பெல்லாம் அண்ணாச்சி கடையில் கூடுவோம். லென்ஸைத் துடைத்துக்கொண்டு, போன வருஷம் கெட்டுப்போன படங்களை ஒருவருக்கொருவர் காட்டுவோம். நல்ல படத்தைக் காட்டக் கூடாது என்பது விதி. அவர் கடையை மூடிவிட்டார், கண் சரியில்லை. இந்த ஆடியில் புதன்கிழமைதோறும் காலை 10 மணிக்கு என் கடையில் கூடுவதாக இருக்கிறோம். அண்ணாச்சியும் வருகிறேன் என்றிருக்கிறார். அம்பையில் எந்தக் கேமராக்காரரைக் கேட்டாலும் வழி சொல்வார். கட்டணம் இல்லை. கேமரா இல்லாதவர்களும் வரலாம், கே1000 இன்னும் ஓடுகிறது, ரோல் மட்டும் அவரவர் செலவு. கெட்டுப்போன படம் ஆளுக்கு ஐந்து கொண்டு வர வேண்டும். பொம்பளைப் பிள்ளைகள் வந்தால் துணைக்கு வருகிறவருக்கும் நாற்காலி உண்டு. டீ என் செலவு. மதியச் சாப்பாட்டுக்கு அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும், வீட்டுக்காரருக்கு இன்னும் முதுகு சரியில்லை, அத்தனை பேருக்குச் சமைக்க என்னால் ஆகாது.

இப்படிக்கு,
ஸ்டூடியோக்காரி,
அம்பாசமுத்திரம்.